கைசுத்தம்

ஸ்கொலித்தி கடற்கரையில்
மண் கண்ணில் படுவதில்லை.
அலைவரைக்கும் பிளாஸ்டிக் கூரைகள்.
டிசம்பரிலும் உள்ளே சட்டை நனையும்.

வாசலில் கிருமிநாசினி ஊறிய பாய்.
இரு காலும் வைத்து
இருபது எண்ணி நின்று
காலுறை, கையுறை, நீல அங்கி மாட்டி
உள்ளே போகிறேன்.
வெள்ளை ஈக்கு வலை கட்டியிருக்கிறார்கள்.
இந்த நோய்க்கு ஈ வேண்டாம்.
தொட்டால் போதும்.

ஏழாம் வரிசையில் லம்ஜத் நிற்கிறான்.
என்னை அழைத்தது அவன்தான்,
முதலாளி அல்ல.
நுனியிலை நூலாய் இளைத்திருக்கிறது.
பச்சைக்குள் வெளிர்பச்சை, தேமல்போல.
பாதி சிவந்த பழம்
மீதி சிவக்க மறந்து
தோல் சுருங்கிப் பழுப்பேறியிருக்கிறது.

இலையைப் பைக்குள் வைத்து நசுக்கி
சாற்றில் காகிதப் பட்டையை நிறுத்துகிறேன்.
முதலில் ஒரு கோடு.
அது எப்போதும் வரும்.
இரண்டாவதற்காக மூன்று பேரும்
மூச்சை வாங்காமல் குனிந்திருந்தோம்.
வந்தது.

சாரோ கேட்டார்:
தின்றால் மனுஷனுக்கு ஏதாவது ஆகுமா?
ஆகாது.
பிறகென்ன?
பிறகு, எந்த லாரியும் ஏற்றாது.
பிறகு, அடுத்த தோட்டம்.
அவர் ஒரு பழத்தைப் பறித்து
என் முன்னாலேயே கடித்துத் தின்றார்,
காம்புவரை.

செய்ய வேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன்.
செடிகளை வேரோடு, மூடிய பையில்.
கயிறு, கவ்வி, தட்டு, கத்தி.
கம்பிகளையும் கழுவ வேண்டும்;
வெறுங்கம்பியில் மாதக்கணக்கில்
பசியில்லாமல் உட்கார்ந்திருக்கும் அது.
அடுத்த கூடத்துக்கு வேறு ஆள், வேறு செருப்பு.
வரும் பருவம் தக்காளி வேண்டாம்,
மிளகாயும் வேண்டாம்.
பழகிய வாய் தானே பேசிக்கொண்டிருந்தது.

லம்ஜத் கையுறையைக் கழற்றினான்.
மஹ்தியாவில் மின்வேலை படித்த கை.
நாளெல்லாம் பக்கத்தளிர் கிள்ளிக் கிள்ளி
நகக்கண்ணில் கறை ஏறிய கை.
அவன் தொட்ட செடி தோற்றதில்லை,
கைராசிக்காரன் என்று
போன தையில் இதே சாரோ சொன்னார்.
'என் கையா?' என்றான்.

விதையாக இருக்கலாம்.
நாற்றாக இருக்கலாம்.
பழக்கூடை, பூவில் விட்ட வண்டு,
பேரம் பேச வந்த தரகன்.
வரிசையாய்ச் சொல்லிக்கொண்டே வந்தவன்
நின்றுவிட்டேன்.

ஐந்து வாரம் முன்பு
தொன்னலுக்காத்தாவில் ஒரு தோட்டம்.
நோய் கண்ட இலையை இடக்கையால் நிமிர்த்தி
வலக்கையால் படம் எடுத்தேன்.
பிறகு கைமாற்றிப் பழத்தையும் எடுத்தேன்.
அங்கியை எரித்தேன்.
கையுறையை எரித்தேன்.
குளித்தேன்.
அடுத்த நாள் இங்கே வந்தேன்,
இந்த ஏழாம் வரிசைக்கு.
இப்படித்தான் தெரியும், பார்த்து வை என்று
போனை நீட்டினேன்.
சரியாகத் தெரியவில்லை என்று
லம்ஜத் கையுறையைக் கழற்றி
பெருவிரலும் சுட்டுவிரலும் திரையில் வைத்து
நோயைப் பெரிதாக்கினான்.

அதே இரண்டு விரலால்தானே
தளிர் கிள்ளுவது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
தொற்றின் மூலம்.
இதுவரை எத்தனையோ தோட்டங்களில்
'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.
அப்போதெல்லாம் அது உண்மை.

சொன்னேன்.
இருவரிடமும், போனை வெளியே எடுக்காமல்.
சாரோ கடலிருக்கும் திசையைப் பார்த்தார்.
பிளாஸ்டிக்தான் தெரிந்திருக்கும்.
எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.
மொத்தக் கூடமும் என்றேன்.

லம்ஜத் எதுவும் கேட்கவில்லை.
மூலையிலிருந்து வாளியைத் தூக்கி வந்தான்.
கொழுப்பெடுத்த பால்பொடி கரைத்த நீர்.
செடி மாறும்போதெல்லாம் கை முக்கு,
பால் அந்தக் கிருமியைக் கட்டிப்போடும் என்று
நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது.
அவனுக்கு அப்போது சிரிப்பு வந்தது.
குழந்தைக்கில்லாத பாலா என்றான்.

இப்போது சிரிக்கவில்லை.
வாளியை என் முன்னால் பிடித்தபடி நின்றான்.

மணிக்கட்டுவரை இறக்கினேன்.
வெதுவெதுவென்றிருந்தது.
எவ்வளவு நேரம் என்று
எனக்கே மறந்துபோய்
அவன் முகத்தைப் பார்த்தேன்.