பச்சைப் பட்டி, இலக்கம் பதினொன்று

காலை ஆறேமுக்காலுக்குக் களஞ்சியம் திறப்பேன்.
எலிப்புழுக்கையைக் கூட்டித் தள்ளிய பிறகுதான்
கொப்பியைத் தொடுவேன்.
முரசுமோட்டையில் நெல் இருக்குமட்டும் எலி இருக்கும்;
எலிக்கு நெல்லும் நைலோனும் ஒன்றுதான்.
போன மாரியில் ஒரு பாதுகாப்பு வாரின்
தொடைப்பட்டியைக் கடித்து வைத்திருந்தது.
சின்னக் கடி. பல்லுக்குறி நாலு.
அதைப் போட்டுக்கொண்டு சைலோவில்
ஏறவிருந்தவன் லோகிதன்.
அன்றைக்கு மழை, ஏறவில்லை.
இப்போது வார்கள் எல்லாம் தகரப் பெட்டிக்குள்,
மூடிக்கு மேலே கருங்கல்.

ஏணி சுவரோடு படுத்திருக்கும், மூன்று கொளுக்கியில், பூட்டோடு.
சாய்த்து வைத்தால் மாங்காய் பிடுங்கக்கூட
ஆள் வரும்.

கம்பிக்கயிற்றைப் பழந்துணியால் உருவுவேன்.
துணி எங்கே மாட்டுகிறதோ
அங்கே இழை அறுந்திருக்கும்.
செயின் புளொக்கின் கொக்கிக்கு வாய் அளப்பேன்,
மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே அளவுகோலால்.
ஐப்பசியில் முப்பத்தொரு மில்லிமீற்றர்.
தையில் முப்பத்துநாலு.
யாரோ எதையோ தூக்கியிருக்கிறார்கள்.
கேட்டேன். ஒருவரும் தூக்கவில்லை.

ஆறு வருடம் முகமாலையில் மிதிவெடி எடுத்தவள் நான்.
முழங்காலில் இருந்து,
ஒரு சாண் நிலம், பிறகு அடுத்த சாண்.
பட்டியையும் அப்படித்தான் பார்க்கிறேன்,
விரலால், தையலில் கொஞ்சம் நின்று,
திருப்பி மறுபக்கம்.
மேற்பார்வைக்கு வந்த பெடியன்
"அக்கா, பட்டிதானே, வெடிக்காது" என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன். விரலை எடுக்கவில்லை.

பங்குனியில் பொயிலர் மூடி தூக்குகிற அன்று
பச்சைப் பட்டி, இலக்கம் பதினொன்று,
ஓரத்தில் ஒரு வெட்டு.
நகம் வைத்தால் நகம் இறங்கும்.
பேரின்பம் அண்ணை வாசலில் நின்றார்.
"கிரேன்காரனுக்கு மணிக்கணக்கில் காசு, பிள்ளை.
பட்டி இரண்டு தொன். மூடி எழுநூறு கிலோ."
கணக்குச் சரி.
புதுப் பட்டியின் கணக்கு.

சிவப்புச் சீட்டைக் கட்டிக் கொழுவினேன்.
சிவப்புத் தடி நட்ட காணிகளுக்குள்
மாடு தேடிப் போகாமல் வளர்ந்த ஆக்கள் நாங்கள்;
அவருக்கு மேலே விளக்கம் வேண்டியிருக்கவில்லை.
பரந்தனிலிருந்து வேறு பட்டி வர
ஒன்றரை மணித்தியாலம்.
கிரேன்காரன் நிழலில் படுத்து நித்திரை கொண்டான்.
மூடி ஏறிற்று, இருந்தது.
பேரின்பம் அண்ணை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பதினொன்றை இரண்டாய் வெட்டிக் குப்பைக்குப் போட்டேன்.
முழுதாய் எறிந்தால் திரும்பி வரும் என்று
எனக்குத் தெரியும்.

வைகாசியில் திரும்பி வந்தது.
லோகிதனின் மகளுக்கு நாலாம் பிறந்தநாள்.
கேக் துண்டோடு பின்வளவுக்குப் போனேன்.
வேம்பில் ஊஞ்சல்.
பச்சை.
இரண்டு துண்டும், இரண்டு பக்கம்,
நடுவில் பலகை.
இடதுபக்கம், பிள்ளையின் காது உயரத்தில்,
என்னுடைய வெட்டு.

பிள்ளை பதினைந்து கிலோ இருக்கும்.
கணக்குச் சரிதான், நூறு பிள்ளையைத் தாங்கும்.
அவிழ்த்துவிடத்தான் கிட்டப் போனேன்.
"மாமி, தள்ளுங்கோ" என்றாள்.

இறக்கிவிட்டு நான் ஏறி இருந்தேன்.
அறுபத்தொரு கிலோ, சீலையோடு கொஞ்சம் கூட.
காலைத் தூக்கிக்கொண்டு
பத்து நிமிடம் அசையாமல் தொங்கினேன்.
வந்த சனம் பார்த்தது.
லோகிதனின் மனைவி பலகாரத் தட்டோடு
எனக்கு என்ன பிடித்தது என்று நின்றாள்.
பிறகு கொப்பில் ஏறி முடிச்சு இரண்டையும்
அவிழ்த்துக் கட்டினேன்,
வெட்டு முடிச்சுக்கு மேலே போய்,
பாரம் தொடாத மிச்சத்தில் கிடக்கும்படி.

இப்போது பட்டிகளை எட்டாய் வெட்டுகிறேன்.

திங்கட்கிழமை கொப்பியை விரித்து
பதினொன்றின் நேரே
"அழிக்கப்பட்டது" என்றிருந்ததைக் கோடிழுத்தேன்.
இருக்கும் இடம்: லோகிதன் வளவு, வேம்பு.
உச்சப் பாரம்: ஒரு பிள்ளை.
அடுத்த பரிசோதனை: ஆவணி.