ஏழாம் ஆண்டுக் கணக்கு

முகத்துவாரத்தில்
கோவிலுக்குப் பின்னால் பதினொரு பேர்ச் காணி.
பொருளாளர் நான், அளவு எனக்குத் தெரியும்.
முதலில் அது காணியே இல்லை:
உடைந்த ஓடு, சீமெந்துக் கட்டி,
எந்தத் திருவிழாவினதோ ஐஸ்கிரீம் கோப்பைகள்.
மண்வெட்டி வைத்தால் பல் கூசும்.

லெம்பேட்டின் முச்சக்கரவண்டி
பேலியகொடையிலிருந்து கொண்டுவந்தது
மீன்தலையும் வாடிய கோவாவும்.
விபூதிப் புதனுக்கு எரித்த குருத்தோலைச் சாம்பலில்
நெற்றிகளுக்குப் போக மிஞ்சியதை
ஃபாதர் கூட்டெருக் குழியில் கொட்டினார்.
"இதுக்கும் அதே இடம்தான்" என்றார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
காகங்கள் வந்தன.

இரண்டாம் வருடம் ஒரு மண்புழு.
படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம்;
இருபத்தாறு பேர் ஆமென் எழுதினார்கள்.

பிறகு கத்தரி, பயற்றை, வெண்டி.
ஞாயிறு பூசை முடிய வாசலில் விற்று
அந்தக் காசில் வியாழக்கிழமைச் சோறு,
நாற்பது பார்சல்,
துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்களுக்கும்
பெயர் கேட்கப்படாத மற்றவர்களுக்கும்.
கொப்பியில் எல்லாம் இருக்கிறது.

ஏழாம் வருடம், விதைப்பதில்லை என்றார் ஃபாதர்.
நிலமும் இளைப்பாற வேண்டுமாம்.
படலையைப் பூட்டக்கூடாதாம்,
தானாய் முளைப்பது வருகிறவனுக்காம்.
வேதத்தில் இருக்கிறது என்றார்.
வட்டி வாங்கக்கூடாதென்றும்தான் இருக்கிறது,
வங்கிக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது
என்று கேட்டேன்.
கூட்டம் ஒன்பதரை வரை போனது.
பெல்சியா அழுதாள்.
"நானும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிப்பாட்டுறன்தானே,
ஆரும் செத்துப்போகேல்லையே" என்றான் லெம்பேட்.
எதிராகக் கை உயர்த்தியது நான் ஒருத்திதான்.
கூட்ட அறிக்கையில் அதையும் நானே எழுதினேன்.

இரண்டு வியாழன் சோறு இல்லை.
வாசல்வரை வந்து திரும்பிய முதுகுகளை
நான் எண்ணினேன். பதினேழு.
ஃபாதரிடம் இன்னும் எனக்கு அந்தக் கோபம் உண்டு.

சித்திரை மழைக்குப் பின்
நடாத பொன்னாங்காணி,
மதிலடியில் வல்லாரை,
உதிர்ந்த விதையில் இரண்டு பப்பாசி,
கல் இடுக்கெல்லாம் சாரணை.
அடுத்த தொடர்மாடிக் குசுமா
ஷொப்பிங் பையோடு குந்தியிருந்து பிடுங்கினாள்.
என்னைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் எடுத்தாள்.
ஆறு வருடம் அவளுக்கு நாங்கள்
பிடி எண்பது ரூபாவுக்கு விற்றிருக்கிறோம்.

"கன்ன, கன்ன" என்றேன்
என் உடைந்த சிங்களத்தில்.
"கீயத?" என்று விலை கேட்டாள்.
அதற்குப் பதில்
என்னிடம் சிங்களத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை.
பக்கத்தில் குந்தினேன்.
ஒரு வேரோடு வந்த வல்லாரையை
அவள் திரும்ப ஊன்றச் சொன்னாள்.
விரலை வைத்தேன்.
மணிக்கட்டுவரை போனது,
பல் கூசாமல்.

அன்றிரவு கொப்பியைத் திறந்தேன்.
வரவு: குசுமா, ஒரு பை.
ரூபாய்க்கான கட்டத்தில் கோடு இழுக்கப் பேனா போனது.
இழுக்கவில்லை.
கணக்காய்வாளர் கேட்டால்
படலை திறந்திருக்கிறது,
வந்து பார்க்கட்டும்.