வட்டத்தில் ஒன்று குறைகிறது

காலை ஏழரை. பெனாகா தாண்டி
செம்பனைத் தோட்டத்தின் கடைசி வரிசையில்
முக்காலியை ஊன்றினேன்.
கால் இறங்கவில்லை, நொறுங்கியது.
சிப்பி.
ஒரு முழ ஆழத்துக்கு வெறும் சிப்பி.

மேடு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
இடுப்பளவுகூட இல்லை.
வெள்ளைக்காரன் காலத்தில் சுண்ணாம்புக்காக
வண்டி வண்டியாய் அள்ளிப் போனார்களாம்.
ஜார்ஜ்டவுனில் எந்தச் சுவரில் பூசினார்களோ
அந்தச் சுவரையும் சேர்த்து அளந்தால்தான்
என் உயரக் கணக்கு நேராகும்.

படிவத்தில் ஒரு கட்டம்: அமைப்பின் வகை.
இறந்தவர்மேல் கல்லைக் குவித்தால் பதுக்கை,
அந்தப் பழஞ்சொல் எனக்குத் தெரியும்.
சிப்பியைக் குவித்தால்?
கல் கிடைக்காத சேற்றுக்கரை இது.
இருந்ததைப் போட்டு மூடியிருக்கிறார்கள்,
தின்றதைப் போட்டு.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

கம்பம் நட்ட குழிகள் பதினொன்று,
மைலோ டின் மூடி அளவில் கறுத்த மண்.
ஹஸ்னுல் பிரிசம் கோலோடு ஒவ்வொன்றாய் நகர
இயந்திரம் கீச் கீச்சென்று எழுதிக்கொண்டது.
திரையில் புள்ளிகள் வளைந்தன, வளைந்து
மூடாமல் நின்றன.
பன்னிரண்டாவது,
மாச்சிக் சலேஹாவின் சமையலறைக்குள்.

கதவைத் திறந்தார். சிமெண்டுத் தரை.
"என் வீட்டுக்கு அடியில் இன்னொரு வீடா?
வாடகை பாக்கி எத்தனை வருஷத்துக்கு?"
ஹஸ்னுல் உடனே சிரித்தான்.
எனக்குத் தொகை போட்டுப் பார்த்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

கெராங் வெந்துகொண்டிருந்தது.
ஒன்றைப் பிளந்து ருசி பார்த்து
ஓட்டைச் சன்னல் வழியே
திரும்பிப் பார்க்காமல் எறிந்தார்.
வெளியே சிறு குவியல்,
அதன்மேல் ஒரு பூனை.

கோலை அங்கே வை என்றேன், விளையாட்டுக்குத்தான்.
பூனை எழவில்லை. வாலை ஒட்டி வைத்தான்.
கீச்.
புள்ளி நூற்று நாற்பத்தேழு,
தரையிலிருந்து பதினாறு சென்டிமீட்டர்.

இரவு பட்டர்வொர்த் அறையில்
சமவுயரக் கோடுகளை வரையச் சொன்னேன்.
கணினிக்கு விளையாட்டுத் தெரியாது.
பழைய மேட்டின் கோடு
சமையலறைச் சுவரைத் தாண்டிப் போய்
பூனையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

நூற்று நாற்பத்தேழை அழித்தேன்.
கோடு சட்டென்று பின்வாங்கியது,
முகத்தில் கதவைச் சாத்தியதுபோல்.
பிறகு மீட்டுவிட்டேன்.
அறிக்கையில் இதற்கு என்ன விளக்கம் எழுதுவேனோ.

நாளை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார் மாச்சிக்.
கெராங்தான்.