ஏழாம் பாத்தி

டோஸோவுக்குத் தெற்கே மணல்தான் மண்.
ஒரு வாளி ஊற்றினால்
வாளியை நிமிர்த்தும் முன் காணாமல் போகும்.
அங்கே ஹம்சாத்துவின் நிலத்தில்
கயிறு பிடித்துப் பன்னிரண்டு பாத்தி பிரித்தேன்.
எல்லாம் காராமணி.
எட்டுக்குப் பொட்டாஷ், நாலுக்கு வெறுங்கை.
எதற்கு எது என்று
என் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தோம்.
ஏழுக்கு இல்லை என்று வந்தது.

"ஏழு என்ன குற்றம் செய்தது?"
ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்றேன்.
"பந்திவஞ்சனை" என்றாள்,
என்னிடம் இல்லை,
தன் ஆட்டிடம்.

பூவெடுக்கும் நேரத்தில் மழை நின்றது.
ஐந்து நாள், பதினொன்று,
பத்தொன்பது.
வானம், கழுவிக் கவிழ்த்த அலுமினியச் சட்டி.

இலைக்கடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு.
திறந்தால்தான் காற்று வரும்.
திறந்தபடி கிடந்தால் நீர் போய்விடும்.
வாய்க்கு இரண்டு காவல் செல்கள்:
பொட்டாசியம் உள்ளே ஏறினால் உப்பி விலகும்,
வெளியே இறங்கினால் தளர்ந்து சாத்தும்.
அந்த உப்பு போதாத இலை
தாழ்ப்பாள் துருப்பிடித்த வீடு.
சாத்தவும் தாமதம், திறக்கவும் தாமதம்.

பொட்டாஷ் தின்ற எட்டும்
உச்சிவெயிலில் வாயைக் கட்டின,
விடியலில் கொஞ்சம் மூச்சு விட்டன.
மூன்று, பத்து, பன்னிரண்டு
பதினோரு மணிக்கே துவண்டன.
வேரைத் தோண்டி
முடிச்சை நகத்தால் கீறினேன்.
உள்ளே வெளிறிய பச்சை,
வேலை நின்றுபோன நிறம்.

ஏழைக் கீறினேன்.
சிவப்பு.
இன்னொன்றைக் கீறினேன், அதுவும் சிவப்பு.
கருவியில் பேட்டரி மாற்றினேன்.
சீட்டைத் தப்பாகப் படித்தோமோ என்று
தொப்பியைக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.
பிறகு மண்டியிட்டபோது தெரிந்தது
தண்டடியில் மட்டும் மணல் கொஞ்சம் வெளுத்திருந்தது.
விரலில் வழுவழுப்பு, நாக்கில் காரம்.
கம்புத் தட்டை எரித்த அடுப்புச் சாம்பல்.

"எப்போதிருந்து?"
"விதைத்ததிலிருந்து.
நீ நியாமேக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில்."
அவள் முகத்தில் திருட்டு இல்லை.
மூட்டையில் வந்தால் சாம்பல்சத்து,
அடுப்பிலிருந்து வந்தால்
வெறும் சாம்பலா என்று கேட்கவும் இல்லை.
அதை நான்தான் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குறிப்பேட்டில் ஏழுக்கு நேரே
'கலப்பு' என்று எழுதி அடித்தேன்.
'பிழை' என்று எழுதி அடித்தேன்.
தாள் கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில்
கடைசியில் எழுதினேன்: 'நீக்கப்பட்டது'.

அறுவடையில் பதினோரு பாத்தி நெற்றும்
எண் கட்டிய பைகளில் ஏறின,
ஆய்வகச் சூட்டில் காய, தராசில் நிற்க.
கணக்கில் இல்லாத ஏழாம் பாத்தியைக்
கொண்டுபோக என்னிடம் பை இல்லை.
அது அவள் வீட்டுக்குப் போனது,
இரண்டு கூடை, மேலே குவித்து.

வண்டி கிளப்பும்போது
அவள் அடுப்பில் காராமணி கொதிக்கும் வாசம்.
ஹம்சாத்து ஜன்னலருகே வந்தாள்.
"அடுத்த வருஷம்," என்றாள்,
"அந்தத் தொப்பிக்குள்
வெறுங்கைச் சீட்டு எத்தனை போடுவாய்?"