செல்லூரில் ரிவெர்ப்

ராத்திரி பதினொன்று. கிட்டாரை இன்னும் தொடவே இல்லை,
பெடல் கீய்ங்ங் என்கிறது
கிணற்றுக்குள் மாட்டிய கொசு மாதிரி.

கேபிளை மாற்றினேன். பிளக்கைத் திருப்பினேன்.
பக்கத்துத் தறிக்கூடத்தைத் திட்டினேன்,
ஜன்னலைத் திறந்துவைத்தே.
ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டதும்
சத்தம் செத்தது,
இருபது நிமிஷத்தில் பேட்டரியும்.

அப்புறம்தான் அடாப்டரைப் புரட்டிப் படித்தேன்:
நூறு மில்லியாம்ப்.
மூன்று பெடல் வாய்க்கு
ஒரு பிடிச் சோறு.

காலையில் டவுன்ஹால் ரோடு, நத்தர் பாய் கடை.
இதற்கென்று தனியாக ஒன்று, ஐந்நூறு.
"நடுவுல மைனஸ், பாத்து மாட்டுங்க.
போன வாரம் ஒருத்தர் புகையவிட்டார்."

இன்று ராத்திரி ஒற்றைக் கம்பியைத் தட்டுகிறேன்.
பத்துக்குப் பத்து அறை
மண்டபமாகி, மெல்லச் சுருங்கி,
ஒலி தீரும் இடத்தில்
டக்கடி டக்கடி:
சோணைமுத்துவின் நைட் ஷிப்ட்.

நான் திட்டினது
அவருக்குக் கேட்டிருக்குமோ?