எண்ணூற்றொன்று தொடக்கம் ஆயிரம் வரை

வெள்ளவத்தையில் மழை.
கொமியூனிகேஷன் கடையில் பக்கம் பதினைந்து ரூபாவுக்கு
உலகத்துப் பொறியியல் பீடங்கள் எல்லாம்
சூட்டோடு வெளியே வந்து விழுகின்றன.

ஃபஸ்லியாவின் நானா அனுப்பிய மூன்று பட்டியல்கள்.
ஒன்றில் நாற்பதாவது நிற்பது
அடுத்ததில் இருநூற்றுப் பன்னிரண்டு,
மூன்றாவதில் ஆளையே காணோம்.
கடைசிப் பக்கங்களில் தனி எண்ணும் கிடையாது.
எண்ணூற்றொன்று தொடக்கம் ஆயிரம் வரை
இருநூறு கல்லூரிகள் ஒரே படியில்
காலை நேர 100ஆம் இலக்க பஸ்ஸில் போல.

அம்மா மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போடுகிறாள்,
என் கடந்தகால வினாத்தாள்களுக்குப் போட்ட அதே மஞ்சள்.

எனக்கென்று ஒரு எண் வந்து ஒன்பது நாள்.
தசமத்துக்குப் பின்னால் நாலு இலக்கம்.
கொழும்பில அது சுவர்,
வேற மாவட்டத்தில அதுவே கதவு என்றார்
கீழ்வீட்டு டெரன்ஸ் அங்கிள்.
சொல்லிவிட்டு, கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டார்.

அப்பா லிப்ட் மெக்கானிக்.
கொள்ளுப்பிட்டி முதல் தெஹிவளை வரை
ஐம்பத்திரண்டு லிப்ட் அவருடைய கணக்கில்.
பட்டியலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"இந்த நம்பரை ஆர் ஒட்டினது?" என்றார்.

எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.
கடலைப் பார்த்த அந்த மாடிக் கட்டடத்தில்
பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினான்கு.
பதினான்கில் வீடு வாங்கியவர்கள்
நிம்மதியாகப் பதின்மூன்றில் தூங்குகிறார்கள்.
இரும்புக் கயிறு பொத்தானை வாசிப்பதில்லை.

சனிக்கிழமை ஒரு தனியார் வளாகத்துக்குப் போனோம்.
டை கட்டிய அண்ணா ஐஸ் கோப்பி தந்தார்.
"உலகில் முதல் முந்நூறுக்குள்" என்றார்.
முந்நூறு கடல் கடந்த தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு;
இங்கே இருப்பது மூன்று மாடி,
கீழே சப்பாத்துக் கடை.
பட்டறையைப் பார்க்கலாமா என்றேன்.
திறப்பு மிஸ்ஸிடம், மிஸ் லீவில்.
கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன்.
கடைசல் இயந்திரத்தின் பொலித்தீன் உறை
இன்னும் கழற்றப்படவில்லை.

அப்பா கட்டணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
லிப்டுக்குள் ஒட்டியிருந்த பரிசோதனைச் சீட்டையே
பார்த்துக்கொண்டு நின்றார்.
போன வருடத்துக்கு முந்தின வருடம், பங்குனி.
"படியால இறங்குவம்," என்றார்.

அன்றிரவு,
வடக்கே மூன்று பட்டியலிலும் இல்லாத ஒரு பீடத்தில்
இரண்டாம் வருடம் படிக்கும் தர்சிகாவுக்கு எடுத்தேன்.
தெரியாத ஆள், சிநேகிதியின் சிநேகிதி.
பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.
அலறி அலறித்தான் பேசினாள்:
கிணற்றுத் தண்ணி உப்பு.
ஹொஸ்டலுக்குள் குரங்கு வரும்,
சவர்க்காரத்தைக்கூட விடாது.
நாலு பேருக்கு ஒரு ஒஸிலஸ்கோப்,
அதிலும் ஒரு குமிழ் இல்லை, குறட்டால் திருப்புவோம்.
"ஆனால் ஒன்பது மணி மட்டும் பட்டறை திறந்திருக்கும்.
பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தனிக் கழிவறை,
அடிபட்டு எடுத்தனாங்கள்."

அந்த வரி எந்தப் பட்டியலிலும் இல்லை.
ஹைலைட்டரால் என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

விருப்ப ஒழுங்குப் படிவத்தில்
மேலே மொறட்டுவ, கிடைக்காது என்று தெரிந்தே,
கோயிலுக்குப் போனால் உண்டியலில் போடுவதுபோல.
அதற்கு அடுத்த பெட்டியில்
மூன்று நாள் பென்சிலை வைத்து எடுத்தேன்.
நாலாம் நாள் பேனை.

ஆவணியில் கடிதம் வந்தது. இரண்டாம் பெட்டி.
ஸ்காபரோவிலிருந்து சித்தி வட்ஸ்அப்பில் வந்தார்,
முகம் பாதி, மிச்சம் மின்விசிறி.
"என்ன ராங்க் கம்பஸ் அக்கா அது?"

அம்மா என் கையைப் பார்த்தாள்.
மஞ்சள் எப்போதோ கழுவுப்பட்டிருந்தது.

"நாலு பேருக்கு ஒண்டு," என்றாள்.

"நாலுக்குள்ளயோ! கெட்டிக்காரி," என்றார் சித்தி.

அம்மா திருத்தவில்லை.
அப்பா குறட்டைத் துடைத்து
என் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.