பத்து கிலோவுக்குக் கீழே

ஆலங்குளத்துக்கு மேற்கே, தென்காசி ரோட்டில்
என் கொழுந்தன் போட்ட எடைமேடை.
ராத்திரி முறை எனக்கு.
தூக்கம் வராதவளுக்கு அது வசதி.

ஆடியில் மலைப்பக்கமிருந்து காற்று வந்து
ஆளில்லாத மேடையில் ஏறி நிற்கும்.
சிவப்பு எண் பத்து என்னும், இருபது என்னும்,
பிறகு வெட்கப்பட்டுப் பூஜ்யத்துக்கு இறங்கும்.
அதற்கெல்லாம் நான் சீட்டுப் போடுவதில்லை.

வெறும் வண்டி முதலில்.
கல்லேற்றித் திரும்பும்போது இன்னொரு தரம்.
பெரியதில் சிறியதைக் கழித்தால் சரக்கு.
இவ்வளவுதான் இந்த வேலையின் சாஸ்திரம்.
சட்டம் ஒன்றே ஒன்று உண்டு:
முதல் எடையில் வண்டிக்குள் யார் இருந்தாரோ
அவர் இரண்டாம் எடையிலும் இருக்க வேண்டும்.

வேலாயுதக்கனி அண்ணனின் டாரஸ்
இருட்டும் நேரத்தில் வெறுமனே ஏறியபோது
பக்கத்து சீட்டில் பையன் இருந்தான்,
மிக்சர் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டு.
ஒன்றரை மணிக்குப் பாரத்தோடு வந்தபோது
இல்லை.

'பையன் எங்கண்ணே?'
'அவன் அய்யா தவறிட்டாருன்னு போன் வந்துச்சு.
பாவூர்சத்திரத்துல கடைசி பஸ்ல ஏத்திவிட்டேன்.'
அதற்குமேல் அவர் பேசவில்லை.
எஞ்சினையும் அணைக்கவில்லை.

இயந்திரம் கழித்தது.
ஜல்லியில் ஐம்பது கிலோ குறைகிறது என்றது.
அதற்கு வேறெப்படிச் சொல்லத் தெரியும்?
விடிந்தால் குவாரிக்காரன் கேட்பான்,
எங்கே என் ஐம்பது கிலோ என்று.
சீட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
'ஆள் இறங்கிவிட்டார்.'
எழுதிய பிறகு அதையே
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பையனுக்கு எழுதினேனா, அவன் அய்யாவுக்கா?

இந்த மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் கண் தெரியும்.
வருஷத்துக்கொருமுறை முத்திரை போட வரும் அதிகாரி
இருபது கிலோ இரும்புகளை அடுக்கிப் பார்த்து
'சரியா இருக்கும்மா' என்று கையெழுத்துப் போடுவார்.
சரியாகத்தான் இருக்கிறது.

வயிற்றில் பிள்ளையோடு
ஐந்தாம் மாசம் ஏறி நின்றேன். அறுபது.
ஏழாம் மாசம். அறுபது.
அந்தப் பிள்ளை தங்காமல் போனபின்
ரோட்டில் யாருமில்லாத ஒரு நேரம் ஏறினேன்.
அறுபது.
ஆங்காரத்தில் ஓங்கி மிதித்தேன்.
எண் ஒரு நொடி எண்பதுக்குத் தாவி
அறுபதிலேயே வந்து நின்றது.
நான் மிதித்ததைக்கூட அது வைத்துக்கொள்ளவில்லை.

மனுசரை அமுக்குவதெல்லாம்
அநேகமாகப் பத்துக்குக் கீழேதான்.
அடகுச் சீட்டு எத்தனை கிராம் இருக்கும்?
என் தங்கச்சியிடம் நான் சொல்லிவிட்ட ஒரு சொல்,
பதினோரு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறோம்,
ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான்.
லாரி தாங்கும் இரும்புக்கு
அது இருப்பதே தெரியாது.
குறை சொல்லவில்லை.
தெரிந்திருந்தால் அதுவும் வளைந்திருக்கும்.

மூன்றாம் வாரம் பையன் வந்தான்.
மொட்டைத் தலையில் முடி முள்முள்ளாய்.
வெறும் வண்டி எடை பழைய எடையேதான்,
பத்து கிலோகூடக் கூடவோ குறையவோ இல்லை.
வேலாயுதக்கனி அண்ணன் எண்ணைப் பார்த்தார்,
பிறகு என்னை.
எண் கொஞ்சம் தடுமாறிற்று. காற்றுதான்.
அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

'திரும்பும்போதும் இருப்பேன்க்கா' என்றான்,
நான் ஒன்றும் கேட்காமலே.
முதல் எடைச் சீட்டை
ஜன்னல் வழியே நீட்டினேன்.